இயர் வாக்: காட்டுக்குள் வரைபடம் எதற்கு?

பனிவழி:
இயர் வாக் விளையாட்டை இரண்டாவது முறை முடித்தேன். முதல் முறை ஆடியது 2013இல் ஐபோனுக்கு வந்த பதிப்பு. இப்போது ஆடியது 2014இல் கம்ப்யூட்டருக்கு வந்தது. ஆடாதவர்களுக்குச் சுருக்கமாக: ஸ்வீடனின் மால்மோ நகரத்தில் உள்ள சிமோகோ என்ற சிறிய ஸ்டூடியோ செய்த திகில் புதிர் விளையாட்டு இது. 19ஆம் நூற்றாண்டு. டேனியல் என்ற இளைஞன், தான் விரும்பும் ஸ்டீனா தனக்குக் கிடைப்பாளா என்று அறிய நடுராத்திரியில் பனிக்காட்டைக் கடந்து தேவாலயத்துக்கு நடக்கிறான்.

என் வாதம் இதுதான். கம்ப்யூட்டர் பதிப்பில் சேர்த்த வரைபடமும் குறிப்புகளும் விளையாட்டின் உயிரையே எடுத்துவிட்டன. இதில் இடம் வலமாக நகரலாம், சில இடங்களில் மட்டும் முன்னாலோ பின்னாலோ இன்னொரு பாதைக்குத் தாவலாம். எல்லா மரமும் ஒரே மாதிரி இருக்கும். போனில் ஆடியபோது ஒரு பழைய நோட்டில் நானே வழியை வரைந்துகொண்டேன், அதுவும் தப்பாக. வழி தெரியாமல் நிற்கும்போது பனியில் என் காலடிச் சத்தம் மட்டும் கேட்கும். எனக்குப் பயம் வந்தது அங்கேதான்.

மாடிவிளக்கு:
இதை நான் ஏற்கவில்லை. ஒரே ஆறு மரத்தைச் சுற்றி முக்கால் மணி நேரம் அலைந்தால் பயம் போய் எரிச்சல்தான் மிஞ்சும். எரிச்சல் வந்துவிட்டால் அப்புறம் எந்தப் பேயும் வேலைக்கு ஆகாது. என் தங்கைக்கு விளையாட்டுகளில் திசை நினைவிலேயே நிற்காது. வரைபடம் இருந்ததால்தான் அவள் கடைசிவரை போனாள். கோட்டு போட்ட குதிரை தண்ணீரிலிருந்து எழுந்தபோது ஹெட்போனைக் கழற்றிவிட்டாள். அவளுக்கு வந்தது பயம் இல்லையா? வேண்டாதவர்கள் வரைபடத்தைத் திறக்காமல் இருக்கலாமே.

சொல்கதை:
நீங்கள் இருவரும் பேசாத ஒன்றைச் சொல்கிறேன். இந்த நடை கற்பனை இல்லை. ஸ்வீடனில், முக்கியமாகத் தெற்குப் பகுதிகளில், ‘ஓர்ஸ்கோங்’ (ஆண்டு நடை) என்ற பெயரில் பதிவான வழக்கம் இது. கிறிஸ்துமஸ் அல்லது புத்தாண்டுக்கு முந்தைய நாள் சாப்பிடாமல், நெருப்பைக் கண்ணால் பார்க்காமல், இருட்டறையில் அடைந்து கிடக்க வேண்டும். நள்ளிரவில் யாரிடமும் சொல்லாமல் கிளம்ப வேண்டும். வழியில் பேசக் கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாது. தேவாலயத்தை இடப்பக்கமாகச் சுற்றி, சாவித் துவாரத்தில் ஊத வேண்டும். அப்போது வரப்போகும் வருடம் தெரியும். கல்லறைத் தோட்டத்தில் புதிதாகத் தோண்டிய குழிகளைப் பார்த்தால், ஊரில் யார் சாகப்போகிறார்கள் என்று புரியும்.

எனக்கு மிகவும் பிடித்தது மீலிங்கார் பகுதி. ஞானஸ்நானம் பெறாமல் ரகசியமாகக் கொல்லப்பட்ட குழந்தைகளின் ஆவிகள் அவை. வழிப்போக்கனின் முதுகில் ஏறி, தங்களைக் கல்லறைத் தோட்டத்துக்குத் தூக்கிப் போகச் சொல்லும். அடி வைக்க வைக்கக் கனம் கூடும். எந்த வறுமையிலும் அவமானத்திலும் இப்படி ஒரு கதை பிறந்திருக்கும் என்று யோசித்தால் தூக்கம் வராது.

பனிவழி:
நீங்கள் சொன்னதே என் பக்கம் பேசுகிறதே, நண்பரே! நெருப்பு கூடாது, சோறு கூடாது, துணை கூடாது. கையில் இருப்பதையெல்லாம் விட்டுவிட்டுப் போவதுதான் சடங்கு. அங்கே வரைபடத்தை நீட்டுவது, கிளம்பும் ஆள் கையில் லாந்தரைக் கொடுப்பது போல.

மாடிவிளக்கு:
இல்லை. டேனியல் அந்த ஊர்க்காரன். தேவாலயத்துக்குப் போகும் வழி சின்ன வயதிலிருந்தே அவன் காலுக்குத் தெரியும். நடை போனவர்கள் வழி தவறிவிடுமோ என்று பயப்படவில்லை, வழியில் எதிரே வருவதை நினைத்துத்தான் பயந்தார்கள். தெரிந்த பாதையே அன்றைக்கு ஒரு ராத்திரி வேறாகிவிடுகிறது. அதில்தான் நடுக்கம்.

சொல்கதை:
மாடிவிளக்கு சொல்வது சரி. நடை போகிறவர்களுக்கு எதிரே வருவது என்னவென்று தெரியும், தற்காப்பும் தெரியும். க்ளோசோ என்று ஒரு பேய்ப் பன்றி உண்டு, முதுகு ரம்பம் போல இருக்கும். கால்களுக்கு நடுவே பாய்ந்து ஆளைக் கிழிக்கப் பார்க்கும் என்பதால் கால்களைப் பின்னிக்கொண்டு நிற்பார்கள். இந்தச் சடங்கோடு இவ்வளவு நெருங்கிய அந்தப் பன்றியை விளையாட்டு எடுத்துக்கொள்ளவில்லை. அதற்குப் பதில் ஹுல்ட்ரா என்ற காட்டு மோகினியைக் கொண்டுவந்தார்கள். அதுவும் நார்வேக்காரர்கள் அதிகம் சொல்லும் பெயர், ஸ்வீடனில் ‘ஸ்கூக்ஸ்ரோ’ என்றுதான் பரவலாகச் சொல்வார்கள். எனக்கு இது பெரிய மனக்குறை.

நள்ளிரவுப்பூனை:
பன்றி இருக்கட்டும். முடிவைப் பற்றி யாரும் பேசவில்லையே? (ஆடாதவர்கள் இதைத் தாண்டிப் போங்கள்.) ஐபோன் பதிப்போடு இலவசமாக ஒரு துணைச் செயலி வந்தது. பார்த்தால் நாட்டார் கதைக் களஞ்சியம் போல இருக்கும். விளையாட்டை முடித்தவர்களுக்கு அதற்குள் ஆல்ம்ஸ்டென் என்ற ஆய்வாளரின் நாட்குறிப்பு திறக்கும். அந்த ஆள் கற்பனைப் பாத்திரம்தான். அதைப் படித்தால்தான் காட்டில் உள்ள பெட்டியைத் திறக்க முடியும், உண்மையான முடிவும் கிடைக்கும். துணைச் செயலியை இறக்காதவர்கள் பாதிக் கதையோடு போய்விட்டார்கள். நான் அப்படித்தான் ஒரு வருடம் இருந்தேன். அது நியாயமா?

பனிவழி:
நியாயம்தான் என்பேன். களஞ்சியம் என்று நம்பித் திறந்த ஒன்று, ராத்திரி ஒரு மணிக்கு என்னிடம் பேச ஆரம்பித்தது. விளையாட்டை மூடியாகிவிட்டது, ஆனால் அது என்னை விடவில்லை. கம்ப்யூட்டர் பதிப்பில் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கிறது. அந்த அதிர்ச்சி பாதியாகிவிட்டது.

மாடிவிளக்கு:
ஆனால் பூனையைப் போல யாரும் முடிவைத் தவறவிடவில்லை, இல்லையா?

பனிவழி:
சரி, அதை ஒப்புக்கொள்கிறேன். முடிவைத் தவறவிடுவது பெரிய இழப்பு. வரைபட விஷயத்தில் மட்டும் மாற மாட்டேன். டேனியலுக்கு அந்தப் பாதை தெரிந்திருக்கலாம். ஆனால் நடப்பது நான். எனக்குத் தெரியாது.

மாடிவிளக்கு:
அப்படியானால் நீங்கள் பயந்தது உங்கள் பயத்தை. நான் டேனியலின் பயத்தைத் தேடுகிறேன்.