டெல்ஃபின் செரிக் படங்களில் அடுத்து எதைப் பார்க்கலாம்?

தேவகி:

2022-ல் சைட் அண்ட் சவுண்ட் என்ற பிரிட்டிஷ் சினிமா இதழ் எல்லாக் காலத்துக்குமான சிறந்த படங்களுக்கு நடத்திய வாக்கெடுப்பில் 'ழான் டீல்மன்' முதலிடம் வந்ததிலிருந்தே பார்க்க வேண்டும் என்று இருந்தேன், இப்போதுதான் ஒருவழியாகப் பார்த்து முடித்தேன். 201 நிமிடம். உருளைக்கிழங்குத் தோல் சீவுவது, படுக்கையைச் சரிசெய்வது, கறியைப் பிசைவது, ஒவ்வொரு அறையிலிருந்தும் வெளியே வரும்போது விளக்கை அணைப்பது, இவ்வளவுதான் பெரும்பாலும். ஆனாலும் அதில் நடித்த டெல்ஃபின் செரிக் என்ற பிரெஞ்சு நடிகையிடமிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. யார் இவர் என்று தேடி அடுத்ததாக 'லாஸ்ட் இயர் அட் மரியன்பாத்' போட்டேன். இறகு வைத்த உடையில் சிலைபோல நிற்கும் அந்தப் பெண்ணும் இவரேதான் என்பதை என்னால் நம்பவே முடியவில்லை.

அடுத்து எதைப் பார்க்கலாம் என்று சொல்லுங்கள். அப்புறம் இன்னொன்று. என் நண்பர் ஒருவர், "பெண்ணியம், போராட்டம் என்று போய் நல்ல கேரியரைக் கெடுத்துக்கொண்டவர்" என்கிறார். 1975க்குப் பிறகு அவருடைய பெரிய படங்கள் என் கண்ணில் படவில்லை என்பதால் பதில் சொல்லத் தெரியவில்லை. உண்மையா?

பழைய ரீல்:

மரியன்பாத் பார்த்துவிட்டீர்கள் என்றால் அடுத்தது 'மூரியல்' (1963), யோசிக்கவே வேண்டாம். அதே இயக்குநர் அலன் ரெனே, இரண்டே வருட இடைவெளி. மரியன்பாத்தில் அவருடைய பாத்திரத்துக்குப் பெயர்கூடக் கிடையாது, திரைக்கதையில் 'ஏ' என்று ஓர் எழுத்து மட்டும்தான். சனேல் வடிவமைத்த உடைகளை அணிந்து மியூனிக் பக்கத்து அரண்மனைகளில் உலவுவார். 'மூரியல்' படத்திலோ பூலோன் என்ற துறைமுக ஊரில், குடியிருக்கும் ஃப்ளாட்டிலேயே பழங்கால மரச்சாமான்களை வைத்து விற்கும் விதவை. சூதாட்டப் பழக்கம் வேறு. உட்காரும் நாற்காலியும் சாப்பிடும் தட்டும்கூட நாளைக்கு விலைபோகலாம் என்ற வீட்டில், அல்ஜீரியப் போரிலிருந்து திரும்பிய வளர்ப்பு மகனோடு வாழ்கிறார். செரிக்குக்கு அப்போது முப்பதை ஒட்டிய வயது, பாத்திரமோ அவரைவிட நன்றாக மூத்தவள். ஒப்பனையை விடுங்கள், அந்தப் பதற்றமான நடையையும் வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டு வேறொன்றுக்குத் தாவும் பேச்சையும் பாருங்கள். வெனிஸ் விழாவில் சிறந்த நடிகை விருது இதற்குத்தான்.

பின்னணி கொஞ்சம். 1932-ல் பெய்ரூட்டில் பிறந்தவர், அப்பா ஆன்ரி செரிக் பெரிய தொல்லியல் அறிஞர். சிறுவயதில் சில வருடங்கள் நியூயார்க்கில். பிறகு ஜாக் யங்கர்மேன் என்ற அமெரிக்க ஓவியரை மணந்து மறுபடி நியூயார்க் போய், ஆக்டர்ஸ் ஸ்டுடியோ என்ற நடிப்புப் பயிற்சிக் கூடத்தில் பயின்றார். அங்கே இப்சன் நாடகம் ஒன்றில் இவரைப் பார்த்துத்தான் ரெனே மரியன்பாத்துக்கு அழைத்தார். அதனால் ஒரே ராத்திரியில் வானத்திலிருந்து குதித்த அழகி என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள், மேடையில் உழைத்து வந்தவர். ஆங்கிலமும் சரளம்.

உங்கள் நண்பர் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது என்றே நினைக்கிறேன். 1961 முதல் 1975 வரை ரெனே, த்ரூஃபோ, புனுவல், ழாக் தெமி, ஜோசஃப் லோசி என்று போன வரிசை அதற்குப் பிறகு தொடரவில்லை. போராட்டத்துக்குப் போன நேரம் நடிப்பில் குறையத்தானே செய்யும்? எனக்கு அதில் வருத்தம் உண்டு.

வண்டல்:

'மூரியல்' பற்றிச் சொன்னதில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற மாட்டேன், ஆனால் கடைசிப் பத்தியை ஒப்புக்கொள்ள முடியாது. தேதிகளை வரிசையாக வையுங்கள். 1971 ஏப்ரலில் 343 பெண்கள் "நான் கருக்கலைப்பு செய்துகொண்டவள்" என்று கையெழுத்திட்டு அறிக்கை வெளியிட்டார்கள், அன்றைக்கு பிரான்சில் அது குற்றம். பெண்ணிய எழுத்தாளர் சிமோன் த பொவார் எழுதிய அந்த அறிக்கையில் செரிக்கின் பெயர் இருக்கிறது, நடிகைகள் கேத்தரின் தெனவ், ழான் மோரோ பெயர்களும் இருக்கின்றன. 1972-ல் பாரிஸை ஒட்டிய பொபின்யி நீதிமன்றத்தில் கருக்கலைப்பு வழக்கு நடந்தபோது சாட்சி சொல்லப் போனார். புனுவலின் 'தி டிஸ்கிரீட் சார்ம் ஆஃப் தி பூர்ஷ்வாசி' வந்தது அதே 1972-ல். 'தி டே ஆஃப் தி ஜாக்கல்' 1973. அப்புறம் 1975-ல் 'ழான் டீல்மன்', 'இந்தியா சாங்' இரண்டும். எல்லாமே கையெழுத்துக்குப் பிறகு வந்தவை. இதில் எங்கே கெட்டது கேரியர்?

தேவகி பார்த்து அசந்த அந்தப் படமே அவருடைய அரசியலிலிருந்து வந்ததுதான். 'ழான் டீல்மன்' இயக்குநர் ஷந்தால் ஆகர்மானுக்கு அப்போது இருபத்து நான்கு வயது. அவ்வளவு சிறிய வயது இயக்குநரோடு, பெரும்பாலும் பெண்களே இருந்த படக்குழுவோடு, ஒரு சமையலறைக்குள் நிற்க அன்றைய பெரிய நட்சத்திரம் ஒருவர் சம்மதித்தார். ஆகர்மான் அவரைத் தேர்ந்ததற்கான காரணமும் அருமையானது. தினமும் பாத்திரம் தேய்ப்பவர் என்று நாம் நினைக்கும் ஒரு பெண் திரையில் பாத்திரம் தேய்த்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள், மரியன்பாத் சீமாட்டி தேய்த்தால்தான் அந்த வேலையே கண்ணுக்குத் தெரியும் என்று நினைத்தார். படப்பிடிப்பின்போது நடிகர் சாமி ஃப்ரே வீடியோவில் பதிவு செய்தது தனிப் படமாகவே இருக்கிறது. இந்த இடத்தில் இவள் ஏன் இதைச் செய்கிறாள், என்ன நினைக்கிறாள் என்று செரிக் விடாமல் கேட்டுக்கொண்டே இருப்பார். கேட்டு வாதாடித்தான் அந்தக் கைகளின் ஒழுங்கு வந்தது.

பிறகு கேமராவுக்குப் பின்னாலும் போனார். கரோல் ரூசோபூலோஸ், யோவானா வீடர் என்ற பெண்ணியத் தோழிகள் இருவருடனும் சேர்ந்து, தோளில் மாட்டிக்கொண்டு போகக்கூடிய சோனி வீடியோ கருவியில் படம் பண்ணினார். ஸ்டுடியோ வேண்டாம், தயாரிப்பாளர் வேண்டாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். 'பீ ப்ரெட்டி அண்ட் ஷட் அப்' படத்தைத் தேடிப் பாருங்கள். பிரான்சிலும் அமெரிக்காவிலும் இருபதுக்கும் மேற்பட்ட நடிகைகளை 1970களின் நடுவில் பேட்டி எடுத்தார், திரைக்கு வந்தது 1981-ல். நீங்கள் ஆணாகப் பிறந்திருந்தால் நடிக்க வந்திருப்பீர்களா என்று கேட்கிறார், பதில்கள் மனதை உலுக்குகின்றன. கன்னம் ஒட்டித் தெரிய வேண்டும் என்பதற்காகத் தாடையை உடைத்துக்கொள்ளச் சொன்னார்கள் என்று ஜேன் ஃபோண்டா சொல்லும் இடம் ஒன்று போதும். இதைக் கேரியரை விட்டுப் போனது என்று சொல்லக்கூடாது, அவருடைய கேரியரின் முக்கியமான பாதியே இதுதான். 1982-ல் மூவரும் சேர்ந்து தொடங்கிய சிமோன் த பொவார் ஒலி-ஒளி மையம் இன்றும் பாரிஸில் பெண்களின் வீடியோப் பதிவுகளைக் காத்து வருகிறது.

செந்தூரம்:

'இந்தியா சாங்' பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை. கதை 1930களின் கல்கத்தாவில் பிரெஞ்சுத் தூதரின் மனைவியைப் பற்றியது, ஆனால் எடுத்தது முழுக்க பிரான்சில், பாரிஸை ஒட்டிய பாழடைந்த மாளிகை ஒன்றில். கல்கத்தாத் தெரு ஒன்றுகூடக் கிடையாது. இந்தியா ஒரு பிச்சைக்காரப் பெண்ணின் குரலாகவும் புழுக்கமாகவும் மட்டுமே வருவது எனக்கு உறுத்துகிறது, அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் செரிக்குக்காகப் பார்த்தே ஆக வேண்டும். இயக்குநர் மார்கெரித் துராஸ் திரையில் யாரையும் வாயசைக்க விடவில்லை, பேச்செல்லாம் வெளியிலிருந்து வருகிறது. மூச்சு கலந்த அந்தப் புகழ்பெற்ற குரல் உதட்டிலிருந்து பிரிந்து தனியாக அறையில் மிதக்கும், உடல் மெதுவாக நடனமாடிக்கொண்டிருக்கும். இவ்வளவு குறைவான அசைவில் இவ்வளவு தூரம் போன நடிப்பு வேறு நான் பார்த்ததில்லை.

தேவகி:

எல்லோருக்கும் நன்றி. நண்பருக்கு வண்டலின் தேதி வரிசையை அப்படியே அனுப்பிவிட்டேன். கொஞ்சம் லேசானது எதுவும் இல்லையா? என் அக்காவோடு சேர்ந்து பார்க்க வேண்டும், அவளுக்கு மெதுவான படங்கள் ஆகாது.

பழைய ரீல்:

தெமியின் 'டாங்கி ஸ்கின்' (1970). தேவதைக் கதை, பாட்டு, நிறம். செரிக் அதில் லைலாக் தேவதை, பழைய காலத்துக் கதைக்குள் ஹெலிகாப்டரில் வந்து இறங்குவார்! பாட்டுக்கு மட்டும் வேறு பாடகி குரல் கொடுத்திருக்கிறார். அதற்கு அடுத்து த்ரூஃபோவின் 'ஸ்டோலன் கிஸ்ஸஸ்' (1968). செருப்புக் கடை முதலாளியின் மனைவியாக வருகிறார், கடையில் வேலை செய்யும் பையன் அவரைத் தேவதையாக நினைத்து உருகுகிறான். ஒருநாள் அவரே அவன் அறைக்கு வந்து, தான் ஏதோ மாயத்தோற்றம் இல்லை, ஒரு பெண் என்று சொல்லும் காட்சியைத் தவறவிடாதீர்கள்.

வண்டல், தேதிக் கணக்கு சரிதான், அதில் வாதாட மாட்டேன். ஆனால் 1990-ல் 58 வயதிலேயே போய்விட்டார் என்பதால், இன்னும் நாலு படம் கிடைத்திருக்கலாமே என்ற ஆதங்கம் எனக்குப் போகாது.

வண்டல்:

அந்த ஆதங்கம் எனக்கும் உண்டு. அக்காவுக்கு 'டாங்கி ஸ்கின்' பிடித்தால் ஆகர்மானின் 'கோல்டன் எய்ட்டீஸ்' (1986) போடுங்கள். வணிக வளாகத்துக்குள் நடக்கும் இசைப்படம், செரிக் அதில் துணிக்கடைக்காரம்மா, நாஜி முகாமிலிருந்து உயிர் தப்பியவர். பல வருடம் கழித்துப் பழைய காதலன் கடை வாசலில் வந்து நிற்கிறான். இந்தப் பெண்ணுக்கும் ழான் என்றுதான் பெயர் வைத்திருக்கிறார் ஆகர்மான்.