ஜே-பவுச்: 11 வருடம் கழித்து அழற்சி, ரத்தக் கசிவு. புற்றுநோய் வாய்ப்பு எவ்வளவு?

கேள்வி – தென்றல்46
அல்சரேட்டிவ் கொலைட்டிஸுக்கு (பெருங்குடலில் புண்ணும் அழற்சியும் வரும் நாள்பட்ட நோய்) பெருங்குடலை எடுத்து, சிறுகுடலின் கடைசிப் பகுதியை மடித்துத் தைத்த பையான ஜே-பவுச் வைத்து 11 வருடம். பவுச்சை ஆசனவாய்ப் பக்கம் ஸ்டேப்ளரால் இணைத்தார்கள். அன்று எடுத்த குடலில் லோ கிரேடு டிஸ்பிளேசியா (புற்றுக்கு முந்தைய லேசான செல் மாற்றம்) இருந்தது. இப்போதைய ஸ்கோப் ரிப்போர்ட்: "பவுச்சில் லேசான அழற்சி, கஃப் சிவந்து, தொட்டால் ரத்தம் கசிகிறது." நாளுக்கு 9 முறை போகிறது. பெருங்குடலே இல்லாதபோது புற்றுநோய் எங்கிருந்து வரும்? எத்தனை வருடத்துக்கு ஒருமுறை ஸ்கோப்?

பதில் – குடல்வால்
பெருங்குடல் முழுக்கப் போய்விடவில்லை. ஸ்டேப்ளர் போட்டால் ஆசனவாய்க்கு மேலே 1–2 செ.மீ. பழைய மலக்குடல் சவ்வு நிற்கும், அதுதான் கஃப். சவ்வைச் சுரண்டிவிட்டுக் கையால் தைத்தாலும் அங்கங்கே திட்டுத் திட்டாகச் செல்கள் தங்கிவிடுவதுண்டு, ஆகவே அதுவும் முழுக் காப்பு இல்லை.

கிளீவ்லாண்ட் கிளினிக் 2010-இல் 3,203 பேரை வைத்து வெளியிட்ட கணக்கில், டிஸ்பிளேசியாவும் புற்றும் சேர்த்து 10 வருடத்தில் 1.3%, 20 வருடத்தில் 4.2%, 25 வருடத்தில் 5.1%. மொத்தத்தில் குறைவுதான். ஆனால் அறுவைக்கு முன்பே டிஸ்பிளேசியாவோ புற்றோ இருந்தவர்களுக்குத்தான் வாய்ப்பு கூடுதல். உங்கள் கேஸில் என்னைக் கவலைப்படுத்துவது பவுச்சின் லேசான அழற்சி அல்ல, அன்று எடுத்த குடலில் இருந்த அந்த டிஸ்பிளேசியா. பிரிட்டிஷ் வழிகாட்டுதல்படி இப்படிப்பட்டவர்களுக்கும், பித்தநாள நோயான பி.எஸ்.சி. உள்ளவர்களுக்கும் வருடம் ஒரு ஸ்கோப். மற்றவர்களுக்கு 5 வருடத்துக்கு ஒன்று.

பதில் – மருந்துச்சீட்டு
ரத்தம் வந்தால் முதலில் கஃபைத்தான் சந்தேகிக்க வேண்டும். பவுச்சைடிஸில், அதாவது பவுச்சின் அழற்சியில், அவசரமும் எண்ணிக்கையும் கூடும், வயிறு பிசையும். ரத்தம் அவ்வளவாக வராது. (பவுச்சுக்கு 4–8 முறை போவது சாதாரணம், ஒன்பதைப் பார்த்து மட்டும் பதற வேண்டாம்.)

கஃபுக்கு மெசலமைன் சப்பாசிட்டரி, இரவு படுக்கும் முன், மலம் கழித்த பிறகு. விரலால் ரொம்ப மேலே தள்ளிவிட்டால் மருந்து பவுச்சுக்குள் போய்விடும், கஃபுக்குக் கிடைக்காது. ஆசனவாய் இறுக்கத்தைத் தாண்டியதும் நிறுத்துங்கள்.

பவுச்சைடிஸ் என்றால் டாக்டர்கள் வழக்கமாகத் தொடங்குவது சிப்ரோஃப்ளாக்சசின் 500 மி.கி., நாளுக்கு இருமுறை, 2 வாரம்; அல்லது மெட்ரோனிடசோல். பின்னது நீண்டால் கால் விரல்கள் மரத்துப்போகும், அதைச் சொல்லாமல் விடாதீர்கள். கேட்கவில்லை என்றால் அடுத்த ஆன்டிபயாடிக்குக்குத் தாவும் முன் மலத்தில் சி. டிஃபிசில் என்ற குடல் பாக்டீரியா இருக்கிறதா என்று பரிசோதனை. இன்னொன்று: முட்டிவலிக்குக் கடையில் வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென். பாதி பேர் இதை டாக்டரிடம் சொல்வதே இல்லை. பவுச்சைக் கிளப்பிவிடுவதில் இவற்றுக்கும் பங்குண்டு.

தென்றல்46
அப்படியானால் பயாப்ஸியை இப்போதே எடுத்துவிடலாமா?

பதில் – குடல்வால்
சந்தேகமான மேடோ புண்ணோ தெரிந்தால் உடனே எடுக்க வேண்டும். இல்லையென்றால் முதலில் அழற்சியை அடக்குவது நல்லது. கொதிக்கும் சவ்வில் செல்கள் உருமாறித் தெரியும். பெத்தாலஜிஸ்ட் "டிஸ்பிளேசியா உறுதியில்லை" என்று எழுதிவிடுவார், பிறகு மறுபடியும் எடுக்க வேண்டி வரும்.

எடுக்கும்போது பவுச்சுக்கு மேலுள்ள சிறுகுடல், பவுச், கஃப் மூன்றுக்கும் தனித்தனி பாட்டில் கேளுங்கள். ஒன்றாகப் போட்டால் கோளாறு எங்கே என்று யாருக்கும் தெரியாது. ஸ்டேப்ளர் கோட்டின் மேல் எடுக்கக் கூடாது: ஸ்டேப்ளர் கம்பியைச் சுற்றி உண்டாகும் கிரானுலோமாவை (அழற்சிச் செல்களின் சிறு முடிச்சு) பார்த்து க்ரோன்ஸ் என்ற வேறொரு குடல் அழற்சி நோய் என்று தவறாகப் படித்துவிடலாம். ஸ்கோப்பை வெளியே இழுக்கும் கடைசி இரண்டு சென்டிமீட்டரில்தான் கஃப் இருக்கிறது, அங்கேதான் அவசரப்படுவார்கள். ரிப்போர்ட்டில் கஃபைப் பற்றித் தனியாக ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். பழைய அறுவையின் பயாப்ஸி ரிப்போர்ட்டையும் கையோடு கொண்டுபோங்கள்.