முருங்கைக்கீரை போட்டுக் காய்ச்சிய நெய் ஏன் காறுகிறது?

வெண்ணெய்த்தாழி:
வாரம் 5 கிலோ பசு வெண்ணெய் காய்ச்சி விற்கிறோம். கெடாமல் இருக்க ரசாயனம் சேர்ப்பதில்லை, முருங்கைக்கீரை மட்டும்தான். கண்ணாடிப் பாட்டிலில் அடைத்தது ஆறாவது வாரமே காறல் அடிக்கிறது. அதே அடுப்பில் இறக்கி எவர்சில்வர் தூக்கில் வைத்தது நன்றாக இருக்கிறது. கீரையைக் கூட்டிப் போடலாமா?

உறைமோர்:
கூட்டாதீங்க. பாட்டிலுக்கும் தூக்குக்கும் உள்ள வித்தியாசம் வெளிச்சம்தான். முருங்கை இலையில் காறலைத் தடுக்கிற க்வெர்செட்டின், குளோரோஜெனிக் அமிலம் எல்லாம் நிறைய உண்டு. ஆனால் பெரும்பாலும் தண்ணீரோடு சேர்கிற வகை, நெய்யில் கொஞ்சம்தான் இறங்கும். கரோட்டினும் வைட்டமின் ஈயும் சுலபமாக இறங்கும், கூடவே பச்சையமும். இருட்டில் பச்சையத்தால் தொல்லை இல்லை. வெளிச்சம் பட்டால் அதுவே ஆக்ஸிஜனைத் தூண்டிவிட்டுக் கொழுப்பைக் கெடுக்கும். பழுப்புப் பாட்டிலோ எவர்சில்வரோ எடுத்துக் கழுத்து வரை நிரப்புங்க. ஈயம் பூசாத செம்பு, பித்தளை, துருப்பிடித்த இரும்பு எதுவும் நெய்யில் படக் கூடாது. அந்த உலோகங்களும் காறலை விரைவுபடுத்தும்.

கசண்டு:
வாடையையும் பிரிச்சுப் பாருங்க அக்கா. பழைய பலகார எண்ணெய் மாதிரி அடித்தால் மேலே சொன்ன கோளாறு. புளித்து, குழந்தை கக்கிய பால் மாதிரி அடித்தால் ஈரம் நின்றிருக்கு, இல்லை வெண்ணெயே நாள்பட்டது. அதற்கு எந்தக் கீரையும் உதவாது.

சடசடப்பு அடங்கி, பெரிய நுரை அமுங்கி, பொடி நுரை எழும்பும்போது அடியில் படிகிற கசண்டு இளம்பழுப்பாக இருக்கும். இலை போட வேண்டிய நேரம் அதுதான். ஒரு கிலோ வெண்ணெய்க்கு ஒரு சின்னக் கைப்பிடி, 15 கிராம் போதும். கழுவித் துணியில் பரப்பி நிழலில் உலர்ந்த இலையாக இருக்கணும். அப்பளம் போல் நொறுங்கியதும் அடுப்பை அணைங்க.

உடனே வடிகட்டிவிடாதீங்க. கசண்டில் சிவந்த பால் புரதமும் பாஸ்போலிப்பிடு என்கிற ஒருவகைப் பால் கொழுப்பும் இருக்கு. அவையும் காறலைத் தடுக்கும் ஆன்டிஆக்ஸிடன்ட்தான், இலையைவிட நம்பகமானவை என்பது என் கணிப்பு. கால் மணி நேரம் சூட்டோடு நிற்கட்டும். கசண்டு கருகிவிட்டால் மட்டும் காத்திருக்க வேண்டாம், கசப்பு ஏறிவிடும். வடித்தபின் இலையை நெய்யில் மிதக்கவிட வேண்டாம். முழுதாக ஆறிய பிறகே மூடி போடுங்க, இல்லாவிட்டால் மூடியில் வியர்த்து நீர் சொட்டும்.

கொல்லைப்புறம்:
இலைக்காகத் தனியாகக் காசு செலவழிக்க வேண்டாம். பி.கே.எம். 1 என்கிற ரக முருங்கை மரங்களைக் காய்ப்பு முடிந்ததும் தரையிலிருந்து 90 செ.மீ. விட்டு வெட்டுவார்கள். அந்தக் கிளை இலை பெரும்பாலும் வரப்பில் காய்ந்து போகிறது. கேட்டு வாங்கலாம், மருந்தடித்த தோட்டமாக இருந்தால் வேண்டாம். நெய்யில் பொரிந்த இலையை மிளகு, உப்போடு பொடித்தால் சோற்றுக்கு ஆகும், கசண்டு வெல்லத்தோடு உருண்டை பிடிக்க ஆகும். இரண்டிலும் நெய் ஒட்டியிருப்பதால் ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

அடுத்த முறை ஒரே கொப்பரை நெய்யை நான்கு சின்னப் பாட்டிலில் பிடியுங்கள்: இலை போட்டது இரண்டு, போடாதது இரண்டு. ஒவ்வொரு வகையிலும் ஒன்று ஜன்னலில், ஒன்று அலமாரிக்குள். தேதி ஒட்டி வாரம் ஒருமுறை முகர்ந்து பார்த்து இங்கே எழுதுங்கள்.