பரிசு எது என்பதை நாய்தான் தீர்மானிக்கிறது

"என் நாய் வீட்டுக்குள் சொன்னபடி கேட்கிறது, வெளியே போனால் தின்பண்டத்தைக்கூடத் திரும்பிப் பார்ப்பதில்லை" என்று முன்னர் எழுதிய நண்பரின் குறை, பயிற்சிக்காக என்னிடம் வரும் வளர்ப்பாளர்கள் பலரும் சொல்வதுதான். அந்தக் குறையோடு வந்த மோப்ப இனமான பீகிள் வகையைச் சேர்ந்த ஓர் இளம் நாயைப் பற்றிச் சொல்கிறேன். வாசலைத் தாண்டியதும் அதன் மூக்கு தரையோடு ஒட்டிக்கொள்ளும், வார் விறைத்துக்கொள்ளும். இறைச்சித் துண்டை நீட்டினாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு மறுபடி புல்லை முகரும்.

வளர்ப்பவர் அதைப் பிடிவாதம் என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. புதிர்ப்பெட்டிக்குள் அடைத்த பூனைகளைக் கொண்டு 1898இல் உளவியலாளர் தார்ன்டைக் கண்டதையும், பின்னர் இன்னோர் உளவியலாளரான ஸ்கின்னர் எலிகளையும் புறாக்களையும் வைத்து ஆராய்ந்ததையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு செயலைத் தொடரும் விளைவால் அச்செயல் மேலும் அடிக்கடி நிகழ்ந்தால்தான் அந்த விளைவை வலுவூட்டி என்று சொல்ல முடியும். நாம் ஆசையோடு நீட்டுவதாலேயே இறைச்சி பரிசாகிவிடாது. அந்த இடத்தில், அந்த நேரத்தில் நாய்க்கு எது வேண்டுமோ அதுவே பரிசு.

பீகிளுக்கு வேண்டியது வாசனை. தன் போக்கில் விட்டால் ஒரு விலங்கு அதிகமாகச் செய்யும் செயலை, அது குறைவாகச் செய்யும் செயலுக்குப் பரிசாக்கலாம் என்று 1959இல் உளவியலாளர் டேவிட் பிரீமாக் முன்வைத்த கொள்கை இங்கே கைகொடுத்தது. வார் இறுகியதும் நாங்கள் நின்றுவிடுவோம். நாய் சற்றே பின்வாங்கி, கழுத்துப்பட்டையின் கொக்கி கீழ்நோக்கித் தொங்கும் அந்த நொடியிலேயே "போ" என்று சொல்லி அதனுடன் புதரை நோக்கி ஓடுவோம். ஒரு நொடி பிந்தி, அது மீண்டும் இழுக்கத் தொடங்கிய பின் சொன்னால், இழுப்புக்கே பரிசு கொடுத்ததாகிவிடும். நாளடைவில் புதரைக் கண்டதும் இழுப்பதை விட்டு, அது வளர்ப்பவரின் முகத்தை நிமிர்ந்து பார்க்கத் தொடங்கியது. முகர்வதையே அடக்க முயன்றிருந்தால் இது நடந்திருக்காது என்பது என் எண்ணம். ஸ்கின்னரின் மாணவர்களான பிரெலண்ட் தம்பதியர் நாணயத்தைப் பெட்டியில் போடப் பழக்கிய ரக்கூன்கள் என்னும் சிறு விலங்குகள், நாளாக ஆக அதைப் போடாமல், உணவைத் தேய்க்கும் தம் பிறவிப் பழக்கப்படி கைகளுக்கிடையே வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தனவாம். 1961இல் அவர்களே அதை எழுதியிருக்கிறார்கள். பிறவிக் குணத்தோடு மல்லுக்கட்டுவதைவிட அதையே கூலியாகக் கொடுத்து வேலை வாங்குவது எளிது.

சாப்பாட்டு மேசையருகே குரைக்கும் நாயைக் கண்டுகொள்ளாமல் விட்டும் பயனில்லை என்று இன்னொருவர் எழுதியிருந்தார். இதுவரை கிடைத்து வந்த பரிசு திடீரென்று நின்றால், பழைய செயல் குறைவதற்கு முன் ஒருமுறை உச்சத்துக்குப் போவது வழக்கம். அந்த உச்சத்தில் பொறுக்க முடியாமல் ஒரு துண்டைப் போடுபவர், இன்னும் உரக்கக் குரைத்தால் கிடைக்கும் என்பதைத்தான் கற்பிக்கிறார். எப்போதாவது கிடைக்கும் பரிசால் ஊன்றிய பழக்கம் மறைவதற்கு நெடுநாள் பிடிக்கும். வெறுமனே புறக்கணிப்பதைவிட, பாயில் படுத்திருந்தால் உணவு தேடி வரும் என்று பழக்குவது இருவருக்கும் நல்லது.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது, "மிகவும் ஒழுக்கமான நாய்" என்ற அறிமுகத்தோடு வந்த ஒன்று. கழுத்தை இறுக்கும் சங்கிலியால் பழக்கியிருந்தார்கள். அது எதையும் கடிக்கவில்லை, எங்கும் ஓடவில்லை. வாலை ஒடுக்கி, உதட்டை நக்கிக்கொண்டு, அடிக்கடி கொட்டாவி விட்டபடி, பதற்றத்தின் அறிகுறிகளோடு நின்ற இடத்திலேயே நின்றது. தப்ப முடியாத மின்னதிர்ச்சிக்கு உள்ளான நாய்களுள் பெரும்பாலானவை, பின்னர் வழி திறந்திருந்தும் தப்ப முயலவில்லை என்று உளவியலாளர்கள் செலிக்மனும் மேயரும் 1967இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு நினைவுக்கு வந்தது. (அந்தச் சோதனைகளின் கொடுமை தனியே பேச வேண்டியது.) கீழ்ப்படிதலும் செயலற்றுப்போதலும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், எதையும் தானாக முயன்று பார்க்காத விலங்குக்கு எதையும் கற்பிக்க வழியில்லை. சங்கிலியைக் கழற்றிவிட்டு, ஓர் அட்டைப்பெட்டியைத் தரையில் வைத்து, அதன் பக்கம் கண் திரும்பினாலும், காது அசைந்தாலும் ஒரு துண்டு உணவு போட்டோம். நெடுநேரம் கழித்து ஒரு முன்னங்காலைப் பெட்டிக்குள் வைத்தது. "உட்கார் எப்போது சொல்லித் தருவீர்கள்?" என்று வளர்ப்பவர் கேட்டார். பெட்டியோடு அது துணிந்து விளையாடும் வரை எந்தக் கட்டளையும் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன்.