லோடு பாடியில் வைத்த பிளக் பாயிண்ட்டுக்குள் தண்ணி: உங்க அனுபவம் என்ன?

பொள்ளாச்சி பிக்கப்:
அலுமினிய ஜன்னல், பார்ட்டிஷன் போடுறது நம்ம தொழில். புது வீட்டுக்கு கரண்ட் வர்றதுக்கு முன்னாடியே வேலைக்குக் கூப்பிட்டுடுவாங்க. அதுக்காக பிக்கப்ல சீட்டுக்குப் பின்னாடி 1000 வாட்ஸ் இன்வெர்ட்டர் வச்சு, ஒயர் இழுத்து, லோடு பாடியோட சைடு தகரத்துல ரெண்டு பிளக் பாயிண்ட் போட்டேன். கடையில தண்ணி போகாததுன்னு கேட்டுத்தான் வாங்கினேன். ஸ்பிரிங் மூடி, ரப்பர் வாஷர், தூசியும் தண்ணியும் எவ்வளவு தாங்கும்னு சொல்ற ஐபி55 அச்சு, எல்லாம் இருந்துச்சு.

போன ஐப்பசியில ஆழியாறு பக்கம் ஒரு சைட். வெறும் தூறல்தான். ஹெல்ப்பர் பையன் செருப்பில்லாம பாடி மேல ஏறி ட்ரில்லிங் மெஷின் பிளக்கைப் பிடுங்கப் போனான். கையைச் சுண்டி, ஆளைப் பின்னாடி தள்ளிடுச்சு. கீழே மணல் குவிச்சிருந்ததால தப்பிச்சான். 19 வயசுப் பையன். அன்னிக்கு ராத்திரி பூரா எனக்குத் தூக்கமே இல்ல.

மறுநாள் கழட்டிப் பார்த்தா பெட்டிக்குள்ள அரை டம்ளர் தண்ணி. ரப்பருக்கு ஒரு பழுதும் இல்ல. தண்ணி வந்தது பின்பக்கம், ஒயர் நுழையுற ஓட்டை வழியா. ஒயரை மேலேருந்து நேரா இறக்கியிருந்தேன், அது மேலயே வழிஞ்சு உள்ள போயிருக்கு. இன்னொண்ணும் அப்பத்தான் உறைச்சுது. அந்த ஐபி55 மூடி சாத்தியிருக்கிற வரைக்கும்தான். பிளக்கைச் சொருகிட்டா மூடி திறந்துதானே நிக்கும்? நாம வேலை செய்யறதே பிளக் சொருகியிருக்கும்போதுதான்.

நீங்க எப்படி வச்சிருக்கீங்க? பட்டதைச் சொல்லுங்க.

தூத்துக்குடி மீன்வண்டி:
தம்பிக்கு ஒண்ணும் ஆகலையே, அது போதும் அண்ணே.

எங்களது குட்டி யானை. பின்னாடி 12 வோல்ட் பாயிண்ட் மட்டும்தான், லைட்டுக்கும் தராசு சார்ஜுக்கும். ஷாக் பயம் கிடையாது. ஆனா மீன் பெட்டியில ஐஸ் உருகி வழியுறது பூரா உப்புத் தண்ணி. ஒரு பாயிண்ட் ஆறு மாசம் தாங்கினா பெரிசு. ஒரு தடவை ஒயரை உரிச்சுப் பார்த்தேன். முனையில மட்டும்னு நினைச்சா, உள்ள ஒரு முழத்துக்குச் செம்பு கறுத்து, பச்சைக் களிம்பு பிடிச்சிருந்தது. விளக்குத் திரி எண்ணெயை ஏத்துற மாதிரி ஒயர் இழை தண்ணியை ஏத்திக்கிட்டே போகுது. மேல டேப் சுத்தி ஒரு பிரயோஜனமும் இல்ல. உள்பக்கம் பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ட்யூப் போட்டு சூடு காட்டினா, பசை உருகி வழிஞ்சு வாயை அடைச்சுக்கும். ஒயரும் இப்ப வெள்ளீயம் பூசின செம்பு ஒயர்தான், படகுக்குப் போடுறது. விலை கூடத்தான், பரவாயில்ல.

நான் செஞ்ச தப்பையும் சொல்லிடறேன். கண்ணாடி ஒட்டுற சிலிக்கானை டெர்மினல் மேல நிரப்பி வச்சேன். வினிகர் வாடை அடிக்குமே, அந்த ரகம். அது காயும்போது அசிட்டிக் அமிலம் விடும், செம்பை அரிச்சிரும். வாடை இல்லாத நியூட்ரல் க்யூர்னு தனியா வருது, அதைக் கேட்டு வாங்குங்க.

மதுரை மைக்செட்:
நாங்க வருஷக்கணக்கா பிளக்கைச் சுத்தி பாலித்தீன் பை கட்டிட்டு இருந்தோம். விடியக்காலம் அவிழ்த்தா பைக்குள்ள வேர்த்து வழியும். வெளியில பெய்யுறதை விட அதுதான் மோசம். இப்பவும் பை போடறோம், ஆனா வாயைக் கட்டாம கீழ்ப் பார்த்துத் தொங்க விடறோம்.

பெட்டிக்கும் அதே கதைதான். பகல் வெயில்ல தகரம் கொதிக்கும், திடீர்னு மழை அடிச்சதும் உள்ள இருக்கிற காத்து குளிர்ந்து சுருங்கும். எங்க சின்ன இடுக்கு இருக்கோ அதுவழியா தண்ணியை உறிஞ்சிக்கும். இறுக்கி அடைச்ச பெட்டியில போன தண்ணி திரும்பி வராது. அடியில 5 மில்லிமீட்டர்ல ஒரு ஓட்டை போட்டு விட்டுருங்க.

திருச்சி ஒயர்மேன்:
பொள்ளாச்சி சார், உங்க பையன் விஷயத்துக்கு வர்றேன். வீட்டு லைன்ல நியூட்ரலை எர்த்தோட சேர்த்திருப்பாங்க. வண்டி இன்வெர்ட்டர் பலதுல அவுட்புட் ரெண்டு ஒயரும் எதோடயும் சேராம தனியா நிக்கும். அதனால ஒரு ஒயர் மட்டும் பாடியைத் தொட்டா ஒண்ணும் தெரியாது. தண்ணி ஏறின பெட்டி ஒரு ஒயரைப் பாடியோட சேர்த்து வச்சுட்டு அமைதியா காத்திருக்கும். இன்னொரு ஒயரோட ஈரத்துல கை பட்டு, கால் தகரத்துல இருந்தா, ஆள்தான் வழி.

கரண்ட் கசிஞ்சா லைனைத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி சுவிட்ச் போட்டாச்சேன்னு சிலர் நிம்மதியா இருக்காங்க. டெஸ்ட் பட்டனை அழுத்தினா விழத்தான் செய்யும், ஏன்னா அந்தப் பட்டனுக்கு எர்த்தே தேவையில்ல. நிஜமா கசியும்போது, நியூட்ரல் பாடியோட சேர்ந்திருந்தாத்தான் அது வேலை செய்யும். ஆனா எல்லா இன்வெர்ட்டர்லயும் அப்படிச் சேர்க்கக் கூடாது, பல ரகம் எரிஞ்சே போயிரும். மேனுவல்ல அனுமதி இருந்தா மட்டும், தெரிஞ்ச ஆளை வச்சுச் செய்யுங்க. தயவுசெஞ்சு நீங்களா கை வைக்காதீங்க.

இன்னொண்ணு, வாட்டர் சர்வீஸ். ஐபி55ல ரெண்டாவது 5தான் தண்ணிக்கு. அந்தச் சோதனை 6.3 மில்லிமீட்டர் நாசில்ல நிமிஷத்துக்கு 12.5 லிட்டர், மூணு மீட்டர் தள்ளி நின்னு அடிக்கிறது. சர்வீஸ் பம்ப் 100 பார் அழுத்தத்துல ஒரு சாண் தூரத்துல அடிக்கும். எந்த ரப்பர் தாங்கும்? முதல்லயே காட்டி, அந்தப் பக்கம் அடிக்காதீங்கன்னு சொல்லிடுங்க.

பொள்ளாச்சி பிக்கப்:
எல்லாருக்கும் நன்றி. ஞாயித்துக்கிழமை முழுக்க இதே வேலையா இருந்தேன். சைடு தகரத்துல இருந்ததை எடுத்துட்டு, கேபினை ஒட்டி டூல் பெட்டிக்கு அடியில ஒரே ஒரு பாயிண்ட், வாய் கீழ்ப் பார்த்த மாதிரி. ஒயர் அடியிலிருந்து கிளாண்ட், அதாவது ஒயரைச் சுத்தி இறுக்கிப் பிடிக்கிற மரை மூடி, வழியா ஏறுது. ஏறுறதுக்கு முன்னாடி ஒரு வளைவு தொங்க விட்டிருக்கேன், வழியுற தண்ணி அங்கேயே சொட்டிரும். பிளக் சொருகின பிறகும் சாத்துற ஆழமான மூடி கோயம்புத்தூர்ல கிடைச்சுது. அடியில ஓட்டையும் போட்டாச்சு. இன்வெர்ட்டர் மேனுவல்ல நியூட்ரல் பத்தி ஒரு வரியும் இல்ல, அதனால மாத்துற வரைக்கும் மழையில அதை ஆன் பண்றதில்லன்னு வச்சுட்டேன்.

பெட்டிக்குள்ள ஒரு டிஷ்யூ பேப்பரை மடிச்சு வச்சு மூடியிருக்கேன். அடுத்த மழை முடிஞ்சதும் திறந்து பார்த்துட்டு இங்கயே எழுதறேன்.