இந்தப் பொண்ணு பேரு என்ன டீச்சர்?

ஒன்பதாம் வகுப்பில் நாஜிசம் பாடம் வரும்போதெல்லாம் சுவரில் ஒரு சார்ட் ஒட்டுவேன். நடுவில் பெரிதாக ஒரு படம்: சரக்கு ரயிலின் கதவிடுக்கில் நின்று, தலையில் துணி கட்டி, வெளியே பார்க்கும் சிறுமி. ‘ஆஷ்விட்ஸுக்குக் கொண்டுபோகப்படும் யூதச் சிறுமி’ என்று அடியில் எழுதியிருந்தேன். ஆஷ்விட்ஸ், நாஜிகளின் கொலைமுகாம். இணையத்தில் எடுத்த இடத்தில் அப்படித்தான் இருந்தது.

போன வருடம் ஒரு மாணவி எழுந்து, "இந்தப் பொண்ணு பேரு என்ன டீச்சர்?" என்றாள். தெரியாது என்றேன். அன்று இரவு தேட உட்கார்ந்தேன்.

செட்டெலா ஸ்டைன்பாக். வயது 9. யூதப் பிள்ளை இல்லை. நெதர்லாந்தில் வாழ்ந்த சின்டி, அதாவது ஐரோப்பாவில் ‘ஜிப்ஸி’ என்று அழைக்கப்பட்ட ரோமா மக்களின் ஒரு பிரிவைச் சேர்ந்தவள். அந்த நாட்டின் வெஸ்டர்போர்க் நாஜி முகாமில் தளபதியின் உத்தரவுப்படி எடுத்த ஒரு திரைப்படச் சுருளிலிருந்து வந்த காட்சி அது. அதைப் படம்பிடித்த ருடால்ஃப் பிரஸ்லாவர்தான் யூதர், அவரும் கைதி. கிட்டத்தட்ட 50 வருடம் யாருக்கும் அவள் பெயர் தெரியவில்லை. ஆட் வாகெனார் என்ற டச்சுப் பத்திரிகையாளர் விடாமல் துருவினார். அதே படச்சுருளில், வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகப்படும் ஒரு பெண்ணின் சூட்கேஸில் பெயரும் பிறந்த தேதியும் தெரிந்தன. அதை வைத்து, ரயில் கிளம்பிய நாள் 1944 மே 19 என்று பிடித்தார்கள். அதில் யூதர்களோடு 245 சின்டி, ரோமா மக்களும் இருந்தார்கள். அதே பெட்டியில் போய் உயிர்தப்பிய ஒரு பெண் 1994இல் அவளை அடையாளம் சொன்னார். கதவிடுக்கிலிருந்து தலையை எடுக்கச் சொல்லி அம்மா அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அவர் நினைவில் இருந்தது. தலையில் துணி கட்டியது, முகாமில் மொட்டையடித்துவிட்டதால்.

ரோமா மக்கள் கொல்லப்பட்டதை நான் வகுப்பில் ஒரே வரியில் தாண்டிவிடுவேன். அந்த வரிக்குரிய முகம் இத்தனை வருடமும் என் சார்ட்டின் நடுவிலேயே இருந்திருக்கிறது. இதை என்னால் தாங்கவே முடியவில்லை.

அப்புறம் மற்ற படங்களையும் எடுத்துப் பார்த்தேன். பலகை அடுக்குகளில் எலும்பும் தோலுமாகக் கைதிகள் படுத்திருக்கும் படத்துக்கும் ‘ஆஷ்விட்ஸ்’ என்றுதான் போட்டிருந்தேன். அது 1945 ஏப்ரல் 16 அன்று ஜெர்மனியில் இருந்த புகென்வால்ட் முகாமில் அமெரிக்க ராணுவம் எடுத்த படம். ஆஷ்விட்ஸை சோவியத் படை ஜனவரி 27 அன்றே விடுவித்துவிட்டது. தேதியைத் தேடியிருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். இப்போது இஸ்ரேலின் யாட் வஷேம் நினைவகம், வாஷிங்டனில் இருக்கும் ஹோலோகாஸ்ட் (நாஜி இனப்படுகொலை) அருங்காட்சியகம் இரண்டின் படத்தொகுப்பிலும் எடுத்த இடம், நாள், எடுத்தவர் பெயரைப் பார்த்த பிறகே ஒட்டுகிறேன்.

புதிய சார்ட்டில் குறிப்பை அந்த மாணவியே எழுதினாள்: ‘செட்டெலா ஸ்டைன்பாக், சின்டி சிறுமி, வெஸ்டர்போர்க், 1944 மே 19.’