கார்பன் ரிம்முக்கு எந்தக் கட்டை? கோத்தகிரி இறக்கத்தில் வந்த சந்தேகம்

பீளமேடு பெடல்:
எல்லோருக்கும் வணக்கமுங்க. போன மாதம் என் சைக்கிளுக்கு ஒரு ஜோடி கார்பன் வீல் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். ரிம் 50 மில்லி ஆழம், டியூப் போடுகிற கிளிஞ்சர், ரப்பர் கட்டை ரிம்மையே கவ்வுகிற ரிம் பிரேக். என்ன கம்பெனி என்று தெரியாது, ஸ்டிக்கரை உரித்துவிட்டிருக்கிறார்கள். பிரேக்கில் பழைய அலுமினிய வீலுக்குப் போட்டிருந்த கட்டையே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அவிநாசி ரோட்டில் ஒரு குறையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மேட்டுப்பாளையத்தில் இருந்து கோத்தகிரி ஏறித் திரும்பினேன். இறங்கும்போது அரவேணு தாண்டியதும் முன் பிரேக் கரகரவென்று உரச ஆரம்பித்தது. குஞ்சப்பனை செக்போஸ்ட்டில் நிறுத்தித் தொட்டால் ரிம்மில் கை வைக்க முடியவில்லை. பிளாஸ்டிக் கருகுகிற மாதிரி ஒரு வாசம் வேறு. நான் 74 கிலோ. சைக்கிள், தண்ணீர் எல்லாம் சேர்த்தால் 85 வரும். எந்தக் கட்டை போடலாம், சொல்லுங்கண்ணா.

கணபதி லேத்:
நீங்கள் கட்டையைக் கேட்கிறீர்கள். நான் மலைக்குப் போகும்போது அந்த வீலையே கழற்றி வைக்கச் சொல்வேன். கோத்தகிரிக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் உயர வித்தியாசம் சுமார் 1,450 மீட்டர். 85 கிலோவை அவ்வளவு தூரம் கீழே கொண்டுவந்தால் 12 லட்சம் ஜூல். நாலு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதி நிலைக்குக் கொண்டுவரப் போதும். காற்றும் டயரும் கொஞ்சம் தின்றாலும் மிச்சம் எல்லாம் உங்கள் இரண்டு ரிம்மில்தான் இறங்கும். அலுமினியம் சூட்டை வாங்கி ரிம் முழுக்கப் பரப்பிக் காற்றில் விட்டுவிடும். கார்பன் அப்படி இல்லை. கட்டை உரசுகிற அந்தப் பட்டையிலேயே சூடு தங்கிவிடும்.

கோத்தகிரி கிறுக்கன்:
அண்ணா சொல்வது கணக்கு, நான் சொல்வது ரோடு. நான் 5 வருடமாகக் கார்பன் ரிம்மில்தான் இந்த மலையில் இறங்குகிறேன். இவர் செய்தது இரண்டு தப்பு. ஒன்று, அலுமினிய ரிம்முக்கான கட்டை. கார்பனுக்கென்று தனிக் கலவையில் வருகிறது. சுவிஸ்ஸ்டாப்பின் பிளாக் பிரின்ஸ் மாதிரி, இல்லையென்றால் வீல் கம்பெனியே கொடுப்பது. இன்னொன்று, மேலே இருந்து கீழே வரைக்கும் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வந்திருப்பார். மலை ரோட்டில் இரண்டாவது கியரில் இறங்கு என்று லாரிக்குப் போர்டு வைத்திருப்பது எதற்கு? நமக்கு இஞ்சின் இல்லை, அதனால் காற்றை வைத்துத்தான் வேகத்தைக் கொல்ல வேண்டும். வளைவுக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு பிரேக்கையும் பலமாக ஒரு பிடி, உடனே விடு. பாக்கி நேரம் ரிம் ஆறட்டும்.

கணபதி லேத்:
அதையும் கணக்கிலேயே பார்ப்போம் தம்பி. 6 சதவீதச் சரிவில் 30 கிலோமீட்டர் வேகத்தில் பிடித்தபடியே இறங்கினால் பிரேக்குக்கு மட்டும் 250 வாட்டுக்கு மேல் வரும். நம் பட்டறை சோல்டரிங் அயர்ன் 25 வாட். பத்து அயர்னை ரிம்மில் வைத்து அழுத்தியது போல. நீங்கள் சொல்கிற மாதிரி 50-ல் விட்டால் காற்றே பெரும்பகுதியைத் தின்றுவிடும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முன்னால் ஒரு கேரட் லாரி ஊர்ந்தால் 50-ல் எங்கே போவது? ஞாயிற்றுக்கிழமை அந்த ரோட்டில் எத்தனை கார்? விடுகிறதுக்கு இடம் கிடைக்காத நாளில்தான் ரிம் போகும்.

சூடானால் என்ன ஆகும் என்றும் சொல்லிவிடுகிறேன். கார்பன் நாரைச் சேர்த்துப் பிடித்திருப்பது எபாக்ஸி ரெசின் என்கிற பசை. சாதாரண ரெசின் 120 டிகிரி வாக்கிலேயே இளக ஆரம்பிக்கும். நல்ல கம்பெனிகள் பிரேக் பட்டையில் 200-க்கு மேல் தாங்குகிற ரெசின் போடுகிறார்கள். பெயர் இல்லாத வீலில் எது இருக்கிறது என்று யார் சொல்வது? கிளிஞ்சரில் டயர் வேறு உள்ளேயிருந்து ரிம் சுவரை வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டிருக்கிறது. 25 டிகிரியில் 100 பிஎஸ்ஐ அடித்த டயர், உள்ளே காற்று 100 டிகிரிக்குப் போனால் 130-ஐத் தொடும். சுவர் இளகுகிற நேரத்தில்தான் தள்ளுவதும் கூடுகிறது.

ஈரோட்டு அம்மிணி:
இரண்டு பேரும் தீர்ந்துபோன சண்டையைப் போடுகிறீர்கள். 2018-லேயே சர்வதேச சைக்கிள் சங்கமான யூசிஐ ரோடு ரேஸில் டிஸ்க் பிரேக்குக்கு முழு அனுமதி கொடுத்துவிட்டது. சூடு எல்லாம் ஹப் பக்கம் இருக்கிற இரும்புத் தட்டில். ரிம்முக்கும் டயருக்கும் அதில் சம்பந்தமே இல்லை. திம்பம் 27 கொண்டை ஊசியும் டிஸ்க்கில் இறங்கியிருக்கிறேன், ஒரு விரல் போதும். தட்டைக் கவ்வுகிற பேட் ரெசினா மெட்டலா என்று மட்டும் பாருங்கள். ரெசின் சத்தம் இல்லாமல் பிடிக்கும். நீண்ட இறக்கத்தில் சூடு ஏறினால் மேல்பக்கம் கண்ணாடி மாதிரி பளபளத்துப் பிடி விட்டுவிடும். மெட்டல் சூட்டைத் தாங்கும், ஆனால் கத்தும். சில தட்டில் (ரோட்டர்) ரெசின் மட்டும் என்று பொறித்திருப்பார்கள், அதில் மெட்டலைப் போடக்கூடாது.

கோத்தகிரி கிறுக்கன்:
அக்கா, அவர் கேட்டது கட்டை. நீங்கள் புது சைக்கிள் விற்கிறீர்கள் :) ரிம் பிரேக் பிரேமில் டிஸ்க்கைக் கவ்வுகிற காலிப்பர் மாட்ட இடமே கிடையாது. பிரேம், ஃபோர்க், ஹப், லீவர் எல்லாம் மாற்ற வேண்டும். எண்ணெய்த் தலைவலி வேறு. ஷிமானோவுக்கு மினரல் ஆயில், ஸ்ராம் ரோடு பிரேக்குக்கு டாட் என்கிற பிரேக் ஆயில். மாற்றி ஊற்றினால் உள்ளே சீல் காலி. ரிம் பிரேக் என்றால் ஒரு ஆலன் கீ, ஒரு கேபிள், சோலி முடிந்தது.

திருப்பூர் வீல்கடை:
சண்டைக்கு நடுவில் கைவேலை ஒன்றிரண்டு சொல்கிறேன். அலுமினிய ரிம்மில் ஓடிய கட்டையைக் கார்பனில் ஒருநாளும் போடாதீர்கள். அதில் அலுமினியப் பொடி சிக்கியிருக்கும், கார்பனை உப்புத்தாள் மாதிரி சுரண்டும். கரகர சத்தம் அதுவாகத்தான் இருக்கும். இரண்டு வீல் வைத்திருந்தால் கட்டையும் இரண்டு செட், ஹோல்டரோடு. வீல் மாற்றும்போது அதையும் மாற்று.

ஆழமான கார்பன் ரிம் பழைய அலுமினியத்தைவிட அகலம். மாட்டியதும் கேபிளைத் தளர்த்திக் கட்டையின் இடைவெளியை மறுபடி வைக்க வேண்டும். பழைய காலிப்பர் சிலதில் அகல ரிம் நுழையவே நுழையாது. கட்டை டயரைத் தொடக்கூடாது, பட்டைக்குக் கீழேயும் இறங்கக்கூடாது. பின்முனையில் ஒரு விசிட்டிங் கார்டு செருகி, முன்முனை முதலில் தொடுகிற மாதிரி வைத்து இறுக்கினால் கீச்சும் குறையும்.

லேடெக்ஸ் டியூப் இருந்தால் கழற்றுங்கள். ரிம் பிரேக் கார்பன் கிளிஞ்சருக்கு அது ஆகாது என்று பல வீல் கம்பெனிகளே எழுதியிருக்கின்றன. சூட்டில் சாதாரண பியூட்டைல் ரப்பர் டியூபுக்கு முன்னால் போய்விடும்.

ஈரோட்டு அம்மிணி:
சரி, கட்டையே பேசுவோம். ஐப்பசி மழையில் கோத்தகிரி ரோட்டில் என்ன செய்வீர்கள்? நனைந்த கார்பன் ரிம்மில் பிரேக் பிடித்தால் முதல் சில சுற்று ஒன்றுமே நடக்காது. தண்ணீரை வழித்து முடித்த அப்புறம் திடீரென்று கவ்வும். அதற்குள் வளைவு வந்துவிடும்.

கோத்தகிரி கிறுக்கன்:
அது உண்மைதான், மறைக்க மாட்டேன். மழை நாளில் நானே அலுமினிய வீல்தான். அதுவும் கூல்ஸ்டாப்பின் சால்மன் நிறக் கட்டையோடு. வெயில் காலத்துக்குக் கார்பன்.

கணபதி லேத்:
ஆக மழைக்கு அலுமினியம், லாரி இருந்தால் அலுமினியம், பாரம் கூடினால் அலுமினியம். கார்பன் எதற்கு தம்பி, போட்டோவுக்கா?

கோத்தகிரி கிறுக்கன்:
அட போங்கண்ணா. காற்றைக் கிழிக்கிற இந்த ஆழ ரிம்மில் சூலூர் தாண்டி எதிர்காற்றில் 40-ல் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து பேசுங்கள்.

பீளமேடு பெடல்:
நேற்று ராத்திரி கட்டையைக் கழற்றினேன். திருப்பூர் அண்ணா சொன்னது அப்படியே. கறுப்பு ரப்பரில் கடுகு மாதிரி ஏழெட்டு வெள்ளித் துணுக்கு. ஊசியால் நெம்பியெடுத்தேன். ஒன்று அரிசி நீளம் இருந்தது. முன் ரிம்மில் அதே உயரத்தில் வட்டமாக இரண்டு கீறல், நகம் மாட்டுகிறது. கார்பன் கட்டை ஆர்டர் போட்டுவிட்டேன்.

கணபதி லேத்:
கட்டை வருகிற வரைக்கும் ஒரு வேலை. டயரைக் கழற்றிவிட்டு ஒரு ரூபாய்க் காசால் பட்டையைச் சுற்றிலும் தட்டுங்கள், தேங்காய் தட்டுகிற மாதிரி. கணீரென்று வந்தால் சரி. மொத்தையாக வருகிற இடத்தில் உள்ளே அடுக்கு பிரிந்திருக்கலாம். வெர்னியர் இருந்தால் அகலமும் பாருங்கள்.

பீளமேடு பெடல்:
பார்த்தேன் அண்ணா. பின் வீல் சுத்தம். முன் வீலில் வால்வுக்குப் பக்கத்தில் நாலு விரல் அகலத்துக்கு 'டொப்' என்கிறது. வேறு எங்கு அளந்தாலும் 26.0 மில்லி, அந்த இடத்தில் மட்டும் 26.7.

கோத்தகிரி கிறுக்கன்:
அந்த வீலில் இனி தெருமுனைக் கடைக்குக்கூடப் போகாதீர்கள். இதை நானே சொல்கிறேன். ஆனால் இது தப்பான கட்டை செய்த வேலை, கார்பன் செய்ததில்லை.

கணபதி லேத்:
கட்டை சுரண்டினால் கீறல் வரும், பட்டை தேயும். வெளியே வீங்குவது சூட்டால். அதுவும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் வந்ததா, ஸ்டிக்கரை உரித்தவர் காலத்திலேயே வந்ததா?

பீளமேடு பெடல்:
விற்றவருக்கு போன் போட்டேன். வால்பாறைக்கு ஒரே ஒரு தடவைதான் போனேன் என்கிறார்.